முகவரியில் ஒரு நாடு

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஐ.நா.வின் 193 நாடுகளில் 157 அங்கீகரித்துவிட்டன என்கிறார்கள். ஆனால் அங்கே எதுவும் மாறவில்லையே. இது வெறும் காகிதம்தானா? ஹமாஸுக்குக் கொடுத்த பரிசு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதற்கு என்ன பதில்? பிரிட்டன் செய்தது பிராயச்சித்தமா? இந்தியா இனி என்ன செய்ய வேண்டும்?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

பத்து நாட்களாக ஒரு பார்சலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது, அதனால்தான் உடனே பதில்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பரிசு என்று சொல்லும் நண்பர்களிடம், செப்டம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 142 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஹமாஸ் காசாவில் ஆட்சியை விட்டு விலகி ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பிரிட்டனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு தருவதாக 1917-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதத்துக்கு 2025-இல் வருந்துகிறார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு. இந்தியா பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

'வெறும் காகிதம்' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இது சோம்பேறித்தனமான பேச்சு. ரேஷன் கார்டும் ஆதாரும் பாஸ்போர்ட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறவர்களுக்குத்தான் காகிதம் என்றதும் 'வெறும்' என்று வாயில் வரும்.

1988-இல் நான் பெங்களூரில் படித்தேன். விடுதியில் பக்கத்து அறையில், பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைப் பகுதியில் இருக்கும் நாப்லஸ் ஊர்க்காரர் ஒருவர், பார்மசி மாணவர். அப்போது இங்கே பாலஸ்தீன மாணவர்கள் நிறையப் பேர் படித்தார்கள். அவரிடம் இருந்தது ஜோர்டான் பாஸ்போர்ட். அந்த வருடம் ஜூலை 31 அன்று மன்னர் ஹுசைன், மேற்குக் கரையோடு ஜோர்டானுக்கு இனி சட்டத் தொடர்போ நிர்வாகத் தொடர்போ கிடையாது என்று அறிவித்தார். ராத்திரி படுக்கும்போது ஜோர்டான் குடிமகனாக இருந்தவர் காலையில் எழுந்தபோது எந்த நாட்டுக்காரரும் இல்லை. அதன் பிறகு மேற்குக் கரைக்காரர்களுக்குக் கிடைத்தது இரண்டு வருடத்துக்கான தற்காலிகப் பாஸ்போர்ட்தான். எந்த நாடு என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

நவம்பர் 15 விடிகாலையில் என் கதவைத் தட்டினார். கையில் டிரான்சிஸ்டர். அல்ஜீர்ஸில் யாசர் அராபத் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்துக்கொண்டிருந்தார், எழுதியவர் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ். எனக்கு அரபியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. மூன்று நாள் கழித்து இந்தியா அங்கீகரித்தது. அன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு, கடன் வாங்கிய காசில்.

அந்த டிசம்பரில் அராபத் ஐ.நா.வில் பேச நியூயார்க் போக இருந்தார், அமெரிக்கா விசா தரவில்லை, பொதுச்சபையே ஜெனீவாவுக்குப் போய்க் கூட்டம் நடத்தியது. 37 வருடம் கழித்து, நீங்கள் மகிழ்ந்த அதே செப்டம்பரில், பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸுக்கும் விசா இல்லை, திரையில்தான் பேசினார். வெறும் காகிதத்துக்கு யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா, சொல்லுங்கள்.

ஆக்கிரமிப்பு என்றதும் டாங்கியும் துப்பாக்கியும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அது ஒரு பாதி. அன்றாடம் அது காகிதத்தில்தான் நடக்கிறது. மேற்குக் கரையில் ஒரு குழந்தை பிறந்தால் பாலஸ்தீன நிர்வாகம் சான்றிதழ் கொடுக்கும், ஆனால் குழந்தையின் அடையாள எண் இஸ்ரேலின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அலன்பி பாலத்தைத் தாண்டி ஜோர்டானுக்குப் போக முடியாது. இறக்குமதிக்கான வரியை 1994 பாரிஸ் ஒப்பந்தப்படி இஸ்ரேல் வசூலித்துக் கொடுக்கும்; அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டால் நாப்லஸில் பள்ளி வாத்தியாருக்குச் சம்பளம் முழுதாக வராது. தபால்தலையைக்கூட விடவில்லை. 1994-இல் பாலஸ்தீன நிர்வாகம் முதல் தபால்தலைகளை அச்சிட்டபோது விலையை 'மில்' என்று போட்டிருந்தார்கள், அது பிரிட்டிஷ் காலத்துப் பாலஸ்தீனத்தின் நாணயம். இஸ்ரேல் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஜோர்டான் நாணயமான 'ஃபில்ஸ்' என்று மேலே மறு அச்சு அடித்துத்தான் வெளியிட்டார்கள். நண்பர் அனுப்பியதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதற்குள் இருந்த ஒரு நாணயத்தின் பெயரைப் பொறுக்க முடியவில்லை அவர்களுக்கு.

பார்சலுக்கு வருகிறேன். நண்பருக்கு நான்கு பையன்களுக்குப் பிறகு 2012 அக்டோபரில் ஒரு பெண் குழந்தை. அடுத்த மாதம் 29-ஆம் தேதி பொதுச்சபையில் 138 நாடுகள் ஆதரித்து, பாலஸ்தீனம் உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னதாக ஒரு பட்டுப் பாவாடை சட்டை எடுத்து, அதுவரை முகவரியில் 'வழி: இஸ்ரேல்' என்று எழுதிவந்தவன், முதல்முறையாக அதை விட்டுவிட்டு 'நாப்லஸ், பாலஸ்தீனம்' என்று மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. ஒரு வருடம் விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

2018 ஆகஸ்டில் இஸ்ரேல் 10.5 டன் தபாலை மேற்குக் கரையின் ஜெரிக்கோ ஊருக்குள் விட்டது. 2010 முதல் ஜோர்டானில் தேங்கிக் கிடந்தவை. எட்டு வருடத்துக் கடிதங்கள், மருந்து, பொம்மைகள், அதற்குள் ஒரு சக்கர நாற்காலி. தபால்காரர்கள் மூட்டைகளைத் தரையில் கொட்டி முகவரிகளைப் படித்துப் பிரித்தார்கள். அதில் என் பார்சலும் இருந்திருக்கிறது. நண்பர் ஒரு படம் அனுப்பினார். ஆறு வயதை நெருங்கும் பெண், முன்பற்கள் இரண்டு இல்லை, ஒரு கைக்குழந்தைக்கான பாவாடையைத் தன் இடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சட்டை அவள் பொம்மைக்குப் போயிற்றாம். மடிப்பில் பட்டு இற்றுப்போயிருந்தது படத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

எதுவும் மாறவில்லை என்கிறீர்கள். அங்கீகாரம் வந்த வாரம் காசாவில் செத்தவர்கள் அங்குள்ள சுகாதாரத் துறை கணக்கில் 65,000-ஐத் தாண்டியிருந்தார்கள். ஒரே ஒரு குண்டைக்கூட அது தடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த 138 ஓட்டு இல்லாவிட்டால் 2015-இல் பாலஸ்தீனம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேர்ந்திருக்க முடியாது. சேராமல் இருந்திருந்தால் 2024 நவம்பரில் நெதன்யாகு மீது பிடிவாரண்ட் ஏது? 2024 ஜூனில் அங்கீகரித்த ஸ்லோவேனியா, 2025 ஆகஸ்டில் ஆக்கிரமிப்பு நிலத்து இஸ்ரேலியக் குடியிருப்புகளில் விளைவதையும் செய்வதையும் தன் கடைக்குள் விடமாட்டேன் என்று தடை போட்டது. சின்ன நாடு, சின்ன வியாபாரம். கையெழுத்துப் போட்டதற்கு ஏற்ப நடந்துகொண்டது. அதே ஆகஸ்டில் இஸ்ரேல் ஈ1 திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது, மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் என்ற இஸ்ரேலியக் குடியிருப்புக்கும் நடுவே சுமார் 3,400 வீடுகள். நாடு என்று லண்டனும் பாரிஸும் ஒப்புக்கொண்ட நிலத்தின் நட்டநடுவில் கட்டுகிறார்கள். இதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். நாப்லஸ்காரரிடம் போய் இதனால் உனக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதிமூன்று வயது. நேற்று அளவு வந்தது. இரண்டு அளவு பெரிதாகவே தைக்கச் சொல்லியிருக்கிறேன். முகவரியில் இந்த முறையும் 'வழி' என்று எதுவும் எழுதப்போவதில்லை.

அன்புடன்.