போர் வந்தால்தான் உலகம் மாறுமா?

வணக்கம் சார்,

முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஒரு வல்லரசு தேய்ந்து இன்னொன்று வளர்ந்தால், பெரும்போர்தான் புதிய உலக ஒழுங்கைக் கொண்டுவரும் என்பது அமெரிக்க சர்வதேச அரசியல் அறிஞர் ராபர்ட் கில்பின் கருத்து என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் அமெரிக்காவும் சீனாவும் மோதித்தான் ஆக வேண்டுமா?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

கில்பினை ஒதுக்கிவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, இதோ நம் ராயபுரத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சுட்டு எரித்ததே, அந்த முதல் உலகப் போருக்கு அவரிடம் நல்ல விளக்கம் இருக்கிறது. உருக்கு உற்பத்தியில் ஜெர்மனி அதற்குள் பிரிட்டனைத் தாண்டிவிட்டது. கடலும் காலனிகளும் பிரிட்டன் கையிலேயே இருந்தன. வளர்ந்தவனுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருப்பவன் விடுவதாக இல்லை. குண்டு விழுந்த இடத்தில், உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

ஆனால் கில்பின் 1981இல் எழுதியதில் பாதிதான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் மாற்றத்தை மூன்றாகப் பிரித்தார். நாடுகளுக்கிடையிலான நடைமுறைகள் மாறுவது ஒன்று. தலைமை கைமாறுவது இன்னொன்று. போர் பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. மூன்றாவது, பேரரசுகள் போய் தேசங்கள் வருவதுபோல, களத்தில் இருப்பவர்களே மாறிவிடுவது.

20ஆம் நூற்றாண்டின் ஆகப் பெரிய மாற்றம் இந்த மூன்றாவதுதான் என்பேன். ஐ.நா.வில் 1945இல் 51 நாடுகள், 1970இல் 127. காலனியாட்சிக்கு முடிவு கட்டச் சொல்லும் தீர்மானம் 1960 டிசம்பர் 14 அன்று 89 ஓட்டுகளுடன் நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், அமெரிக்கா உட்பட 9 நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டன. காலனி வைத்திருந்தவர்களுக்கே காலனியாட்சியை வெளிப்படையாக ஆதரிக்கக் கூச்சம் வந்துவிட்டது! இரண்டாம் உலகப் போர் அவர்கள் கஜானாவைக் காலி செய்தது உண்மைதான். ஆனாலும் பிரான்ஸ் வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டுத்தான் பார்த்தது. அங்கிருந்த மக்கள் விடவில்லை. வல்லரசுகளின் பலத்தை வைத்தே உலக அரசியலை விளக்கும் அறிஞர் கென்னத் வால்ட்ஸின் கணக்கில் இந்த மக்களுக்கு இடமில்லை. எது நியாயம் என்று நாடுகள் நினைக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்க்கும் அலெக்சாண்டர் வென்ட் இதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறார்.

சரி, சீனா. மோதல் விதிக்கப்பட்டது என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவின் கை ஓங்கிய உலக வங்கியை விட்டு வெளியேறாமலே, 2016இல் பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியைச் சீனா திறந்தது. அமெரிக்காவுக்குப் பிடிக்காவிட்டாலும் பிரிட்டன் சேர்ந்தது. இந்தியா அதில் இரண்டாவது பெரிய பங்குதாரர். 2020இல் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்த பிறகும், சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அந்த வங்கி கடன் கொடுத்தது, நாமும் வாங்கினோம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இந்தக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.