சி டிரைவ் சிவந்துவிட்டதா? கேள்வி பதில்

சேர்வரின் சி டிரைவ் நிரம்பியதும் "விண்டோஸை அழித்துத் திரும்பப் போடு" என்று சொல்கிற ஆட்கள் திருகோணமலையிலும் நிறைய. அநேகமாகத் தேவைப்படாது. கேட்டவர்களுக்கு என் பதில்கள் கீழே.

நிலாவெளி, ஹோட்டல் ஊழியர்: அண்ணா, எங்கட சேர்வரில் சி 60 ஜிபி, ஒரே சிவப்பு. டியில் 400 ஜிபி சும்மா கிடக்கு. டியைச் சுருக்கியும் சியை நீட்டுகிற "எக்ஸ்டெண்ட் வொல்யூம்" மங்கித்தான் நிற்குது, ஏன்?

தம்பி, டியைச் சுருக்கினால் வெற்றிடம் டியின் வால் பக்கம்தான் விழும். சிக்கு வேண்டியது தன் வலப்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் இடம், நடுவில் டி குந்திக்கொண்டிருக்கும்வரை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி ஒன்றும் செய்யாது. டியில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, நாலு கோப்பையாவது திறந்து பார்த்து, அப்புறம் டியை அழித்து, சியை நீட்டி, மிச்சத்தில் அதே எழுத்தோடு டியைப் போடு. ஷெயார்களையும் (மற்றக் கணினிகளோடு பகிர்ந்த ஃபோல்டர்கள்) அனுமதிகளையும் முதலே குறித்து வை, திரும்பச் செய்ய வேண்டிவரும். டியை அப்படியே நகர்த்தித் தரும் மென்பொருள்களும் உண்டு, ஆனால் அவை தரவு முழுவதையும் டிஸ்க்கில் இடம் மாற்றி எழுதும், மணிக்கணக்காகும். நான் ஒருமுறை ஒரு கடையில் அதைத் தொடங்கிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன், கரண்ட் போனது, யூபிஎஸ் பற்றரி செத்துப்போயிருந்ததை நான் பார்க்கவே இல்லை. டி மொத்தமும் போச்சு. முதல்நாள் பெக்கப் இருந்ததால் தப்பினேன்.

கிண்ணியா: எங்களுடையது விஎம்வேர் மென்பொருளுக்குள் ஓடுகிற மெய்நிகர் விண்டோஸ் சேர்வர். டிஸ்க்கின் அளவையே கூட்ட விடுது இல்லை.

ஸ்னாப்ஷாட் (சேர்வரின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைத்தது) ஏதும் இருக்கும், அதை நீக்கினால் விடும். கூட்டியதும் சிக்கும் புது இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பாட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவிகள் உள்ள பகுதி) நிற்கலாம். ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையில் அதை முடக்கி, டிஸ்க்பார்ட் (diskpart) கட்டளையில் ஓவர்ரைட் (override) என்ற சொல்லைச் சேர்த்து அழித்து, சியை நீட்டுங்கள். கடைசியில் ஒரு ஜிபி விட்டு, ரெக்கவரியைத் திரும்ப அங்கே போடுவது நல்லது.

உவர்மலை, மாணவி: அண்ணா, என்னுடையது லினக்ஸ் வகையான உபுண்டு சேர்வர். டிஸ்க் 500 ஜிபி, காட்டுவது 100தான்.

தங்கச்சி, ஒன்றும் பழுதில்லை. எல்விஎம்மோடு (டிஸ்க் இடத்தைப் பிறகும் கூட்டிக் குறைக்க விடும் முறை) நிறுவும்போது பெரிய டிஸ்க்கில் 100 ஜிபியை மட்டும் சிஸ்டம் இருக்கும் ரூட்டுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவைப்பது அதன் பழக்கம். எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend) கட்டளையில் சின்ன ஆர் (-r) சேர்த்தால் கோப்பு முறைமையும் கூடவே வளரும், சேர்வரை நிறுத்தவும் வேண்டாம். முழுதும் கொடுக்காமல் கொஞ்சம் மிச்சம் வை. அதன் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4ஐப் பிறகு சுருக்க வேணுமென்றால் ரூட்டை அன்மவுண்ட் செய்ய (கழற்றி வைக்க) லைவ் யூஎஸ்பியில், அதாவது யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸில், ஏற வேண்டிவரும்.

மூதூர்: விண்டோஸின் பாகங்கள் கிடக்கிற வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டரை டிலீட் பண்ணினால் இடம் வருமே?

வரும், அப்புறம் விண்டோஸ் வராது. டிஸ்ம் (DISM) கட்டளையின் ஸ்டார்ட்காம்போனென்ட்கிளீனப் (StartComponentCleanup) அதைப் பக்குவமாகக் குறைக்கும், அதை முதலில் ஓட்டிப் பாருங்கள். சில நேரம் பாட்டிஷனைத் தொடவே தேவைப்படாது.