வலி இல்லை, ஆனால் எலும்பு குறைகிறது: இம்ப்ளான்ட் பல் பற்றி நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

குன்னூரிலிருந்து: நாலு வருஷம் முன்னால் கோயம்புத்தூரில் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். இன்றுவரை வலியே கிடையாது. ஆனால் போன மாதம் எக்ஸ்ரே பார்த்தவர் எலும்பு குறைந்திருக்கிறது என்கிறார். வலிக்காமல் எலும்பு எப்படிப் போகும், டாக்டர்?

போகும். பெரும்பாலும் வலிக்காமலேதான் போகும். அதனால்தான் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு உண்டு. ஈறின் நார்களும் வேருக்குள் நுழைந்து இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டானியம் வேர்; அதில் இந்த இரண்டும் கிடையாது. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பிரனேமார்க் 1950களில் முயல் எலும்பில் கவனித்தது இதைத்தான்; 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த ஒட்டுதல் உறுதியானது. ஆனால் மேலே ஈறு சும்மா சுற்றி அணைத்திருக்கிறதே தவிர, உள்ளே வேர்பிடிக்கவில்லை. அந்த இடுக்கில் அழுக்குப் படலம் தங்கினால் முதலில் ஈறு வீங்கும். கவனிக்காமல் விட்டால் அழற்சி எலும்புக்கு இறங்கும். வலி தெரியும்போது பாதி எலும்பு போயிருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி: இம்ப்ளான்ட்டின் மேல் கேப் (பல் வடிவ மூடி) மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா? முதல் வருடத்தில் 1 முதல் 1.5 மி.மீ. வரை எலும்பு தன்னைச் சரிசெய்துகொண்டு இறங்குவதை நோயாகக் கருதுவதில்லை. அதன்பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பல காலமாக நாங்கள் பார்க்கும் அளவு. பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் முதல் வருடத்தோடு நின்றுபோன குறைவா, இன்றும் தொடர்கிறதா என்று தெரியும். பழைய படம் இல்லையென்றால், 2018-ல் வெளியான சர்வதேச ஈறு நோய் வகைப்பாட்டின்படி, ஈறு இடுக்கை அளக்கும் மெல்லிய கம்பியால் தொட்டதும் ரத்தமோ சீழோ வந்து, அந்த இடுக்கின் ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, எலும்பும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அதை நோய் என்றே எடுத்துக்கொள்வோம். கோவைக்குப் போன் பண்ணி அந்தப் படத்தை முதலில் கேட்டு வாங்குங்கள்.

கோத்தகிரியிலிருந்து: பல் தேய்க்கும்போது இம்ப்ளான்ட் பக்கம் ரத்தம் வருகிறது. பயந்து அந்த இடத்தில் பிரஷ் வைப்பதையே விட்டுவிட்டேன்.

தயவுசெய்து இன்று இரவே மறுபடி தொடங்குங்கள். ரத்தம் வருவது, அங்கே சுத்தம் போதவில்லை என்று ஈறு சொல்வது. எலும்பு இன்னும் இறங்காத கட்டம் என்றால் இது முழுவதும் திரும்பக்கூடியது. மென்மையான பிரஷ், கேப்புக்கு அடியில் நுழையும் சின்ன இடைப்பல் பிரஷ் (கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள்) இரண்டும் வேண்டும். வாரம் இரண்டு போயும் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிமெண்ட் வைத்து ஒட்டிய கேப் என்றால், ஈறுக்கு அடியில் சிமெண்ட் மிச்சம் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு மூலகாரணம் அந்தத் துணுக்குதான்.

கூடலூரிலிருந்து: சுகர் உண்டு. எஸ்டேட் வேலை, குளிருக்குத் தினமும் பீடி. இம்ப்ளான்ட் வைத்தது வீணாகிவிடுமா?

வீணாக வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஈறின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. புகை ரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால் ரத்தக் கசிவும் மறைந்துவிடும். ஆபத்து இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்து, மருத்துவர் சொல்லும் வரம்புக்குள் கொண்டுவாருங்கள். பீடியை நிறுத்துங்கள். சொந்தப் பற்களை ஈறு நோயால் இழந்தவர் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மீதிப் பற்களின் ஈறையும் சேர்த்துக் குணப்படுத்தாமல் இம்ப்ளான்ட்டை மட்டும் காப்பாற்ற முடியாது.

ஊட்டியிலிருந்து: பனிக்காலத்தில் உலோகம் சுருங்கி எலும்பு விட்டுப்போகும் என்கிறார்களே?

இல்லை. வெளியே உறைபனி விழுந்தாலும் தாடைக்குள் உடம்புச் சூடுதான்.

மஞ்சூரிலிருந்து: அம்மாவுக்கு எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு குறைந்ததற்கு இதுதான் காரணமா? நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இடுப்பெலும்பு முறிவிலிருந்து அவரைக் காப்பதும் அந்த மாத்திரைதான். ஈறு அழற்சியால் வரும் எலும்புக் குறைவு வேறு. இந்த வகை மருந்தால் தாடை எலும்பு ஆறாமல் போவது அரிதானது. புற்றுநோய்க்கு நரம்பு வழி ஊசி போடுபவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். பல் பிடுங்குவதற்கோ அறுவைக்கோ முன்னால் எந்த மருந்து, எத்தனை வருடமாக என்று பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முடிவை இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து எடுக்கட்டும்.

அருவங்காட்டிலிருந்து: ஒருவர் எலும்புப் பொடி வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் கழற்றிவிடலாம் என்கிறார். யாரை நம்புவது?

இம்ப்ளான்ட் ஆடுகிறதா என்பதைப் பொறுத்தது. மேலே உள்ள ஸ்க்ரூ தளர்ந்து கேப் மட்டும் ஆடினால் இறுக்கிவிடலாம். எலும்புக்குள் இருக்கும் பகுதியே ஆடினால் கழற்றத்தான் வேண்டும். ஆடவில்லையென்றால் முதல் வேலை ஆழமாகச் சுத்தம் செய்வது. சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பது. அதற்கும் அடங்காவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்வார்கள். எலும்புப் பொடி (குறைந்த இடத்தில் எலும்பு வளர வைக்கும் பொடி), சுற்றிலும் எலும்புச் சுவர் உள்ள குழி போன்ற பள்ளத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். எலும்பு சமதளமாக இறங்கியிருந்தால் பலன் குறைவு. ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள்.

கழற்றச் சொன்னவரிடம் காரணத்தைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். பொடி வைக்கச் சொன்னவரிடம் பள்ளத்தின் வடிவம் என்ன என்று கேளுங்கள். எங்கே போனாலும் இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டையைக் கொண்டுபோங்கள். அது இருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை செய்யும் சுத்தத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கவே வேண்டாம், உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.