பிரெஞ்சில் சப்ஜங்டிவ் எங்கே வரும்?

கேள்வி: பிரெஞ்சு மொழியில் சப்ஜங்டிவ் என்னும் வினைவடிவம் ஐயத்தைக் காட்டுவது என்று பாடநூலில் படித்தேன். ஆனால் 'நீ இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி' என்பதற்கு 'ஜெ சுவி கோந்தான் கெ து சுவா லா' என்று சப்ஜங்டிவில் சொல்கிறார்கள். ஆள் கண்ணெதிரே நிற்கும்போது ஐயம் எங்கிருந்து வந்தது? மாறாக, நடக்குமா என்றே தெரியாத ஒன்றை 'நம்புகிறேன்' என்று சொல்லும்போது அது வருவதில்லையே?

பதில்: ஐயம் என்ற விளக்கம் பாதி உண்மைதான், உங்களைக் குழப்புவதும் அந்தப் பாதிதான். செய்தி உண்மையா பொய்யா என்பதை விட, பேசுபவர் அதை ஒரு செய்தியாக முன்வைக்கிறாரா என்பதே இங்கு முக்கியம். 'அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்' என்பவர் அவன் வருகையை ஒரு தகவலாக நமக்குத் தருகிறார். ஆகவே 'ஜெ பான்ஸ் கில் வியான்' என்று இன்டிகேட்டிவ், அதாவது செய்தியை அறிவிக்கும் சாதாரண வினைவடிவம் வருகிறது. 'நீ இங்கே இருப்பதில் மகிழ்ச்சி' என்பவரோ நீங்கள் இருப்பதை அறிவிக்கவில்லை, அது இருவருக்கும் தெரிந்ததே. தம் மகிழ்ச்சியைத்தான் சொல்கிறார். அதனால்தான் அங்கே 'சுவா' என்ற சப்ஜங்டிவ் வடிவம்.

தமிழ் பேசுபவர்களுக்கு இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. பாடநூல்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை. உங்கள் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, உள்ளே இருக்கும் வினை எந்த உருவில் நிற்கிறது என்று கவனியுங்கள். 'வருகிறான்', 'வருவான்', 'வந்தான்' என முழு வினைமுற்றாக நின்று அதை அடுத்து 'என்று' வந்தால், பெரும்பாலும் பிரெஞ்சில் இன்டிகேட்டிவ். 'வருவான் என்று நம்புகிறேன்' என்பது 'ஜெஸ்பேர் கில் வியாந்த்ரா' ஆவது இதனால்தான். அந்த வினை 'வர' என்றோ 'வருவது', 'இருப்பதில்' என்றோ உருமாறி நின்றால் சப்ஜங்டிவை எதிர்பார்க்கலாம்: 'நீ வர வேண்டும்' என்பது 'இல் ஃபோ கெ து வியென்', 'அவன் வரக்கூடும்' என்பது 'இல் ஏ போசிபிள் கில் வியென்'. 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதில் 'என்று' இருந்தாலும் அதற்கு முன் இருப்பது 'வர வேண்டும்' என்பதால், 'ஜெ வு கெ து வியென்' என்று சப்ஜங்டிவே வரும். 'என்று' என்பதற்கு முன் வினைமுற்று நின்றாலும் அதில் ஓகாரமோ கேள்வியோ ஒட்டிக்கொண்டால் அது அறிவிப்பு அல்ல. 'வந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது' என்பது 'ஜே பெர் கில் வியென்'. 'வருவானா என்று சந்தேகம்' என்பது 'ஜெ தூத் கில் வியென்'.

ஒரே வினைச்சொல் இரு பக்கமும் போவதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'நான் வருகிறேன் என்று அவனிடம் சொல்' என்றால் 'தி லுய் கெ ஜெ வியான்'. 'அவனை வரச் சொல்' என்றால் 'தி லுய் கில் வியென்'. முன்னது தகவல், பின்னது கட்டளை.

இந்தச் சோதனை வழுக்கும் இடங்களும் உண்டு. 'அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை' என்பதில் 'என்று' இருந்தும், நினைப்பதையே மறுத்துவிட்டதால் 'ஜெ நெ பான்ஸ் பா கில் வியென்' என்று சப்ஜங்டிவ் வருவதே வழக்கம். இணைப்புச் சொற்களுக்கு இந்தச் சோதனை உதவாது, அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'முன்பு' என்ற 'அவான் கெ', 'இருந்தாலும்' என்ற 'பியான் கெ', 'பொருட்டு' என்ற 'பூர் கெ' மூன்றும் சப்ஜங்டிவை வேண்டுவன. 'பிறகு' என்ற 'அப்ரே கெ' இன்டிகேட்டிவை வேண்டும் என்பது இலக்கண விதி. ஆனால் 'அவான் கெ'வின் சாயலில் பிரெஞ்சுக்காரர்கள் பலரே அங்கும் சப்ஜங்டிவைப் போடுகிறார்கள், எனவே காதில் விழுவதைக் கேட்டுத் தடுமாற வேண்டாம். தேர்வில் மட்டும் விதிப்படி எழுதுங்கள்.

கேள்வி: 'நான் வர விரும்புகிறேன்' என்பதற்கும் இதே வடிவம்தானா?

பதில்: இல்லை. விரும்புபவரும் வருபவரும் ஒருவரே என்றால் 'கெ' என்ற இணைப்பே வராது. 'ஜெ வு வெனீர்' என்று வினையின் மூல வடிவத்தோடு முடிந்துவிடும். ஆள் வேறானால்தான் சப்ஜங்டிவ்.

கேள்வி: வடிவங்களை எப்படி நினைவில் வைப்பது? காலங்களும் பல என்கிறார்களே?

பதில்: நான்கு காலங்கள் உண்டு என்றாலும், பேச்சில் வாழ்வன நிகழ்காலமும் இறந்தகாலமும் மட்டுமே, மற்ற இரண்டையும் பழைய இலக்கியம் படிக்கும்போது அடையாளம் கண்டால் போதும். எதிர்காலத்துக்குத் தனி வடிவம் கிடையாது, நாளை நடப்பதற்கும் நிகழ்கால வடிவமே. பெரும்பாலான வினைகளில், நிகழ்கால இன்டிகேட்டிவில் 'அவர்கள்' என்பதற்கு ஒலிக்கும் வடிவத்தையே நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் சொன்னால் சப்ஜங்டிவ் கிடைத்துவிடும்: 'இல் வியென்' என்றால் 'அவர்கள் வருகிறார்கள்', 'கெ ஜெ வியென்' என்பதிலும் அதே ஒலி. எழுத்தில் மட்டும் ஈறு மாறும். நாம், நீங்கள் என்பவற்றுக்கு, முன்பு தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இம்பெர்ஃபெக்ட் என்ற இறந்தகாலத்தின் இன்டிகேட்டிவ் வடிவமே பொருந்தும். இதற்கு அடங்காத சில வினைகள் அன்றாடம் வருபவை. 'போ' என்பதன் 'ஆய்', 'செய்' என்பதன் 'ஃபாஸ்', 'அறி' என்பதன் 'சாஷ்', 'முடியும்' என்பதன் 'புவீஸ்', 'இரு' என்பதன் 'சுவா' ஆகியவற்றை முதலில் 'இல் ஃபோ கெ'வுக்குப் பின் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.