கோடை மாலையில் பறவைகளின் குரலை ரசிக்க எப்படித் தொடங்குவது?

தொலைநோக்கி இல்லை, பறவைகளின் பெயரும் தெரியாது, ஊர்க் கண்மாய்க் கரையில் போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்குவதற்குக் காது போதும். வெயில் தாழ்ந்ததும், 5.30 மணிவாக்கில், ஒரு மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், நீங்கள் வந்ததும் அடங்கியவை மறுபடி வெளியே வரும்.

முதலில் கேட்பது பெரும்பாலும் குயில். படிப்படியாக உயரும் அந்தக் கூவல் கறுப்பு நிற ஆணுடையது. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியுள்ள பெண் "கிக் கிக்" என்று வெடுக்கெனக் கத்தும். காகம் குயிலை விரட்டினால் பக்கத்தில் காகக்கூடு இருக்கலாம். குயில் முட்டையிடுவது அதில்தானே.

எனக்கு மிகவும் பிடித்தது குண்டுக்கரிச்சான். மரத்தின் உச்சியில் அமர்ந்து, வாலை நிமிர்த்தி, விதவிதமாகச் சீட்டியடிக்கும் கறுப்பு வெள்ளைப் பறவை. இது இனப்பெருக்கக் காலம். ஆண் தன் எல்லையை அறிவிக்கிறது. கூர்ந்து கேளுங்கள், இடையே மற்றப் பறவைகளின் குரலும் வரும்.

இருட்டத் தொடங்கியதும் மரப்பொந்திலிருந்து புள்ளி ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டியபடி எட்டிப் பார்க்கும். அப்புறம் பக்கி என்ற இரவுப் பறவை, மண்பாதையில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து ஆண் பறவை வீணாக அலையும். டார்ச் கட்டாயம் வேண்டும், ஆனால் திரும்பும் வழியில் பாம்பு பார்க்க மட்டும்.