கன்று போடத் திணறும் மாடு: கேள்வி பதில்

ஈற்று பற்றி மட்டும் கேளுங்கள். சினை பிடிக்காதது, மடிநோய், தீவனம் எல்லாம் இன்று கிடையாது. மருத்துவருக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் வந்து சேரும்வரை என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் பேச்சு.

கேள்வி: பக்கத்து வீட்டு மாடு ரொம்ப நேரமாக முக்குகிறது, வந்து பாருங்கள் என்கிறார்கள். போனதும் முதல் வேலை என்ன?

பதில்: விசாரிப்பதுதான். எத்தனையாவது ஈற்று? பனிக்குடம் எப்போது தெரிந்தது? உங்களுக்கு முன் யாராவது கை விட்டார்களா? ஊசி ஏதாவது போட்டார்களா? வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு மருத்துவருக்கும் போனில் அப்படியே சொல்லுங்கள். கருப்பையைச் சுருங்கவைத்து வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் போட்டிருந்தால் அதை மறைக்கவே கூடாது. கருப்பை வாய் திறக்காமலோ கன்று கோணலாகவோ இருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பை கிழிந்துவிடும்.

பனிக்குடம் வெளியே தெரிந்த பிறகு, பல ஈற்று கண்ட மாடு 1 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் ஈற்றுக் கிடேரிக்கு 2 மணி நேரம் வரை விடலாம். அதற்கு முன்பே, நன்றாக முக்கியும் அரை மணி நேரம் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் கை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

வாலை மாட்டின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். தூணில் கட்டினால், மாடு திடீரென்று படுக்கும்போது வால் முறியும். பின்பக்கத்தைச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவ வேண்டும். துணி துவைக்கும் தூள் வேண்டாம், உள்சதை எரிந்து வீங்கும். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, தோள்வரை கையுறை போட்டு, வழவழப்புக்குத் திரவ பாராஃபினையோ அதற்கென்று உள்ள ஜெல்லையோ தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். மாடு முக்கும்போது கையைத் திணிக்காமல் அப்படியே நிறுத்திக்கொள்ள வேண்டும். அது ஓய்ந்ததும் உள்ளே போகலாம்.

கேள்வி: இரண்டு கால் தட்டுப்படுகிறது. முன்னங்காலா பின்னங்காலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி. உள்ளங்குளம்பு தரையைப் பார்த்தால் முன்னங்கால், வானத்தைப் பார்த்தால் பின்னங்கால் என்பார்கள். பாதிதான் சரி. கன்று மல்லாந்து கிடந்தால் முன்னங்காலின் குளம்பும் மேலே பார்க்கும். அதனால் மூட்டைப் பாருங்கள். குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டே போனால் முதலில் கணுமூட்டு. அது மடங்கும் பக்கமே அடுத்த மூட்டும் மடங்கினால் முன்னங்கால். அடுத்தது எதிர்ப்பக்கமாக மடங்கி, பின்னால் கூரான எலும்பு முனை நெருடினால் பின்னங்கால்.

அதோடு விடாதீர்கள். ஒரு காலைப் பிடித்தபடி மார்புவரை போய், அங்கிருந்து அடுத்த காலுக்கு இறங்குங்கள். இரண்டும் ஒரே கன்றின் கால்கள்தானா என்று தெரிய இதுதான் வழி. இரட்டைக் கன்றில் ஆளுக்கொரு கால் நீட்டியிருக்க, இரண்டையும் சேர்த்து இழுத்தால் எதுவும் வராது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, குளம்புப் பிளவில் கிள்ளுங்கள், வாயில் விரலை வையுங்கள். காலை இழுத்துக்கொண்டாலோ சப்பினாலோ உயிர் இருக்கிறது. அசைவில்லை என்பதாலேயே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: தலையும் ஒரு காலும் வந்துவிட்டன. இன்னொரு கால் முழங்காலோடு மடங்கி நிற்கிறது.

பதில்: இழுக்காதீர்கள். முக்கல் ஓய்ந்த நேரத்தில் கன்றை உள்ளே தள்ளி இடம் உண்டாக்குங்கள். இடுப்பெலும்பு வளையத்துக்குள் வைத்துக்கொண்டு காலை நிமிர்த்த முடியாது. குளம்பை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது கருப்பையைக் கீறும். முழங்காலை மேலும் வெளிப்புறமுமாகத் தள்ளிக்கொண்டே குளம்பை உள்பக்கமாக வளைத்துக் கொண்டுவாருங்கள். கால் மணி நேரத்தில் நேராகவில்லையென்றால் கையை எடுத்துவிட்டு மருத்துவருக்குக் காத்திருங்கள்.

கேள்வி: வால் மட்டும்தான் தட்டுப்படுகிறது.

பதில்: இரண்டு பின்னங்காலும் முன்னோக்கி மடிந்து கிடக்கின்றன. அது மருத்துவர் வேலை.

கேள்வி: எல்லாம் நேராக இருக்கிறது. கயிறு எங்கே போடுவது, எப்படி இழுப்பது?

பதில்: கணுமூட்டுக்கு மேலே ஒரு சுருக்கு, மூட்டுக்கும் குளம்புக்கும் நடுவே அரை முடிச்சு. ஒரே சுருக்கு போட்டால் பாரம் முழுதும் ஓரிடத்தில் விழுந்து எலும்பு முறியும். கிருமிநாசினியில் ஊறவைத்த கயிறாக இருக்கட்டும். தலைக்குப் போடுவதென்றால் காதுகளுக்குப் பின்னால் சுற்றி வாய் வழியாக வர வேண்டும். கீழ்த்தாடையில் மட்டும் கட்டி இழுத்தால் தாடை போய்விடும்.

மாடு வலப்பக்கமாகப் படுத்திருந்தால் வசதி. முக்கும்போது மட்டும் இழுங்கள், ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. அப்போது தோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளையத்தைத் தாண்டும். இரண்டு கணுமூட்டும் பிறப்புறுப்பு வாசலுக்கு வெளியே ஒரு கையகலம் வந்துவிட்டால் தோள் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பேர் இழுத்தும் அந்த அளவு வரவில்லை, கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறுகின்றன என்றால் கன்று பெரிது. அறுவைக்குத்தான் போக வேண்டும்.

தலையும் மார்பும் வந்தபின் இழுக்கும் திசையை மாட்டின் குதிகால் பக்கமாகக் கீழே இறக்குங்கள். கன்றின் இடுப்பு மாட்டிக்கொண்டால் கால்களைக் குறுக்கே பிடித்துக் கன்றைக் கால் வட்டம் திருப்புங்கள். தாயின் எலும்பு வளையம் அகலத்தைவிட உயரம் அதிகம், அதனால் திருப்பினால் வழி கிடைக்கும். கன்று பின்பக்கமாக வந்தால் அதன் இடுப்பு வெளியே வந்தபிறகு நிறுத்தவே கூடாது. தொப்புள்கொடி நசுங்கியிருக்கும், தலையோ இன்னும் உள்ளே இருக்கும்.

கேள்வி: ஆறு பேர் இருக்கிறோம். டிராக்டரும் இருக்கிறது.

பதில்: நான்கு பேரை அனுப்பிவிடுங்கள். டிராக்டரையும்.

கேள்வி: எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: கன்று மூச்சு விடவில்லையென்றால் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதுமே, அதை ஏன் சொல்லவில்லை?

பதில்: சொல்லக் கூடாது என்பதால்தான். வாயிலும் மூக்கிலும் உள்ள கோழையை விரலால் வழித்தெடுங்கள். நெஞ்சு தரையில் படிய உட்காரவைத்து, பின்னங்கால்களை இருபக்கமும் முன்னோக்கி நீட்டிவிடுங்கள். மூக்கினுள் வைக்கோலை விட்டுக் கிளறினால் தும்மி மூச்சிழுக்கும். காதில் கொஞ்சம் குளிர்ந்த நீர் விடலாம். முரட்டுத் துணியால் விலாவைத் தேயுங்கள்.

அதே வாசகர்: தொங்கவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டுகிறது. கண்ணால் பார்த்த விஷயம்.

பதில்: கொட்டுவதில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருகிறது, நுரையீரலிலிருந்து அல்ல. தொங்கும்போது குடல் எல்லாம் உதரவிதானத்தின்மேல் சரிகிறது. முதல் மூச்சுக்காக அது இறங்க வேண்டிய நேரத்தில் நீங்கள் பாரம் ஏற்றுகிறீர்கள்.

வேறொரு வாசகர்: இத்தனை கன்றுகள் அப்படித்தானே பிழைத்தன?

பதில்: தொங்கவிட்டும் பிழைத்தன என்று சொல்லுங்கள். வலுவான கன்று எதையும் தாங்கும்.

முதல் வாசகர்: பின்பக்கமாக வந்த கன்று நீரைக் குடித்திருக்குமே?

பதில்: அது நியாயமான கேள்வி. நுரையீரலின் ஆழத்துக்குப் போனது எப்படிப் பிடித்தாலும் வடியாது. தொண்டையில் நிற்பது வடிய, தலை தாழ்ந்திருக்கும்படி சில வினாடிகள் சரித்துப் பிடித்தால் போதும். உடனே உட்காரவைத்துவிட வேண்டும். இதற்கு மேல் இந்த வாதம் வேண்டாம், மற்றவர்களும் கேட்கட்டும்.

கேள்வி: வலி குறைவாக இருக்கிறது, ஆக்ஸிடோசின் போடலாமா?

பதில்: கூடாது. முதல் பதிலில் எழுதியதை எத்தனை தரம் எழுதுவது? வலி ஏன் குறைந்தது என்று பாருங்கள். காது சில்லிட்டு, மாடு கழுத்தை வளைத்துப் படுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அதற்கான மருந்தை மருத்துவர்தான் ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். பிறப்புறுப்பின் உள்சுவர் திருகு திருகாகக் கைக்குத் தட்டுப்பட்டால் கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது ஊசி போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: நஞ்சுக்கொடி தொங்குகிறது, கல் கட்டலாமா?

பதில்: வேண்டாம். கையாலும் இழுக்க வேண்டாம். 12 மணி நேரம் கழித்தும் விழவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கன்று போட்ட மாட்டுக்குப் பால் கூட என்ன கொடுக்கலாம்?

பதில்: தீவனம் இன்று கிடையாது.

கேள்வி: கன்றுக்குச் சீம்பால் எவ்வளவு?

பதில்: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். அதில் பாதி முதல் 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தொப்புளை 7 சதவீத டிங்சர் அயோடினில் முக்குங்கள், மேலே தடவினால் போதாது.

கேள்வி: கருப்பையே வெளியே வந்துவிட்டது!

பதில்: அடி தள்ளினால் மாட்டை நடக்கவிடாதீர்கள். பின்பக்கம் உயரமாக இருக்கும்படி படுக்கவையுங்கள். சுத்தமான ஈரத்துணியில் கருப்பையைத் தாங்கி, காயாமலும் நாய் அண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் கொடியைப் பிய்க்காதீர்கள். உள்ளே தள்ளவும் முயல வேண்டாம். மருத்துவரை மறுபடி கூப்பிட்டு, அடி தள்ளிவிட்டது என்று சொல்லுங்கள், மற்ற வேலையை விட்டுவிட்டு வருவார்.

கேள்வி: கையுறை இல்லாமல் செய்தால் என்ன? வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார்.

பதில்: கருச்சிதைவு நோய்க்கிருமி கையிலுள்ள கீறல் வழியாகவும் கண் வழியாகவும் மனிதருக்கு ஏறும். கர்ப்பிணி தொழுவத்துக்கே வர வேண்டாம். கொடியையும் செத்த கன்றையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.