முன் பிறேக் லீவர் பஞ்சுபோல் அமுங்குகிறது

தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு பிறேக் பேட்டும் பிறேக் ஒயிலும் நீங்களே மாற்றிய பிறகு, முன் லீவர் கைப்பிடி வரை அமுங்குகிறது, பம்ப் பண்ணினால் கொஞ்சம் பிடித்துவிட்டுத் திரும்பவும் இளகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாக பிறேக் ஒயில் ஓடும் லைனுக்குள் காற்று நிற்கிறது.

சில்லுப் பக்கம் பேட்டை அழுத்தும் கெலிப்பரில், காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளில் தெளிவான டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிறேக் ஒயில் ஊற்றிய போத்தலில் அமிழ்த்துங்கள். லீவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே லீவரை விடுங்கள். முந்தி விட்டால் காற்று திரும்ப ஏறும். லீவருக்குப் பக்கத்தில் உள்ள மேல் டப்பாவில் ஒயில் வற்றவே கூடாது. அதைக் கவனிக்காமல் நான் ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன். டியூப்பில் கடுகளவு குமிழிகூட வராத வரை செய்யுங்கள்.

அப்புறம், திறந்து கிடந்த பழைய ஒயில் வேண்டாம். டொட் 4 என்ற பிறேக் ஒயில் நம்முடைய மட்டக்களப்பு வாவிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். லீவர் இறுகும் வரை கல்லடிப் பாலத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.